செத்தவீட்டில் அழக்கூடாத அன்ரி

பேரைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதனால் சொல்லமாட்டேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கொழும்புத் தொலைக்காட்சியில் ஒரு தமிழ்ப் பகிடி நாடகம் போகும். அதில் காஸ் முடிந்தாலும் அழுது, புருசனுக்குப் பதவி உயர்வு கிடைத்தாலும் அழுது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டாலும் அழுகிற ஒரு பெண் வருவாரே, அவர்தான். பிறகு சிங்களப் படங்களிலும் வந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அவர் அன்ரி. திருகோணமலை உட்துறைமுக வீதியில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் போடுவேன், பாஸ்போர்ட் படம் எடுப்பேன், சனத்தின் ஆத்திரங்களுக்குக் காது கொடுப்பேன். கடைக்குப் பின்னால் போகிற ஒழுங்கையின் கடைசி வீடு அன்ரியுடையது. குசினி யன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும். அவருடைய புருசன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், வருத்தம் வந்து வெள்ளனவே செத்துப்போனார். ஒரே ஒரு மகன். அன்ரி அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், நாங்களும் அப்படியே.

அந்த அழுகை நடிப்பு என்று நாடு முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது. மண்ணாங்கட்டி. அவருடைய அழுகையே அதுதான். முதலில் மெல்லிய கீச்சுச் சத்தம் ஒன்று கிளம்பும். பிறகு மூச்சு அடைத்துக்கொள்ளும். ஐயோ, இந்த மனுசிக்கு என்ன ஆகப்போகிறதோ என்று நீங்கள் பதறிக்கொண்டிருக்கும்போது ஒரு விக்கல் வரும். அந்த விக்கலோடு, கேத்தில் கொதிக்கிற மாதிரி மூக்கால் ஒரு நீண்ட விசில். அவ்வளவுதான், ஆண்டவனே வந்து நின்றாலும் சிரிப்பை அடக்க ஏலாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவர் அழுதால் பால் கொடுக்க வந்தவள் சிரித்துப் பாலைக் கொட்டிவிடுவாள்.

சாம்பல்தீவில் அவருடைய அப்பா இறந்தபோது அன்ரி பள்ளிக்கூடம் போகிற வயது. பெண்கள் வட்டமாக இருந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இவர் போய் அப்பாவின் காலடியில் விழுந்து அழத் தொடங்கியிருக்கிறார். விக்கல் வரும்வரைக்கும் ஒன்றுமில்லை. விசில் வந்ததும் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பெரியமாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாராம், அடுத்தவர் குனிந்துகொண்டாராம், பிறகு பார்த்தால் வட்டம் முழுக்கக் குலுங்குகிறது. தூரத்தில் இருந்த ஆம்பிளைகள் பெண்கள் அழுது குலுங்குகிறார்கள் என்று நினைத்தார்களாம். தாய்மாமன் வந்து இவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவில் இருத்தி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து, எல்லாம் முடியும்வரைக்கும் இங்கேயே இரு என்று சொல்லியிருக்கிறார். இதை அன்ரி எங்களுக்கு நடித்தே காட்டுவார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தீர்களா என்று ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டில்தான் தேத்தண்ணி ஊற்றி அனுப்புவார்கள். ஒழுங்கையில் யார் இறந்தாலும் அந்தப் பொறுப்பு அன்ரியுடையது. ஒருவரும் அவரிடம் கேட்பதில்லை, அவரும் ஒருவரிடமும் கேட்பதில்லை. தகவல் வந்தவுடன் தன் வீட்டுப் பெரிய கேத்திலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போய்விடுவார். பிரேதம் தெருவுக்கு வந்த பிறகுதான் படலையடிக்கு வந்து, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பார்.

என் அம்மா இறந்தபோதும் அப்படித்தான். அவர்கள் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தவர்கள். கொழும்பில் படப்பிடிப்பு என்றால் தம்பி எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை, அடி, உதை எல்லாம். நான் பக்கத்து வீட்டுக் குசினிக்குப் போய், வாங்கோ அன்ரி, அம்மாவை வந்து பாருங்கோ என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. தேயிலைச் சாயம் படிந்த துணியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"நான் வந்தா உன்ர அம்மாவுக்கு மரியாதையில்லை, பிள்ளை. போ. சீனி காணாது எண்டு சொல்லு."

நான் போய்ச் சீனி காணாது என்று சொன்னேன். வேறு என்ன செய்ய?

அவர் நடிக்கப் போன கதையும் ஒரு கூத்துத்தான். கோயில் திருவிழா நாடகமொன்றில் புருசனைப் பறிகொடுத்த மனைவியாகப் போட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்கக் கண்ணீர் விடும் என்று நம்பிய, நாடகம் பழக்கிய அண்ணாவியார், விசில் வந்தபோது சனம் விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்துவிட்டு, சால்வையை உதறிக்கொண்டு மேடையை விட்டே போய்விட்டார். ஆனால் அந்தச் சனத்துக்குள் கொழும்பு வானொலிக்கு நாடகம் எழுதுகிற ஒருவர் இருந்தார். அதிலிருந்து வானொலி, வானொலியிலிருந்து தொலைக்காட்சி. இரவு ரயிலேறிப் போய், நடித்துவிட்டு, இரவு ரயிலிலேயே திரும்பி வருவார். வரும்போது முகத்தில் பவுடர் பாதி இருக்கும். சந்தியில் இறங்கினால் ஓட்டோக்காரர் தொடக்கம் மீன்காரர் வரைக்கும், அன்ரி ஒருக்கா அழுங்கோவன் என்பார்கள். அவரும் பாவம், மறுக்கமாட்டார். கீச்சென்று ஒரு துண்டு அழுது காட்டிவிட்டு நடப்பார்.

சிங்களப் படங்களில் அவருக்கு எப்போதும் ஒரே வேடம்தான். வடை விற்கிற தமிழ்ப் பெண், அல்லது வீட்டு வேலைக்கு வந்த தமிழ்ப் பெண். கொச்சைச் சிங்களம் கதைத்துக் கடைசியில் அழ வேண்டும். அன்ரிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. புருசன் இருந்த காலத்தில் துறைமுகக் குவாட்டர்ஸில் இருபக்கமும் சிங்களக் குடும்பங்களோடு இருந்து, அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடிப் பழகிய சிங்களம். முதல் படத்தில் அவர் வசனத்தை ஒழுங்காகச் சொன்னாராம். டைரக்டர், அக்கா இது சரிவராது, உடைத்துச் சொல்லுங்கள் என்றாராம். உடைத்தார். இன்னும் உடைக்கச் சொன்னார்கள். இன்னும் உடைத்தார். எனக்கென்ன, சிரிக்கிறதுக்குத்தானே வருகுதுகள் என்பார்.

அந்த அழுகைக்குச் சிரிக்காத ஒரே ஆள் தம்பிதான். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே அதிசயம். நாடகம் போகும்போது நாங்கள் எல்லாரும் பாயில் உருண்டு சிரிப்போம், அவன் எழும்பிப் போய்விடுவான். வீட்டில் அவர் உண்மையில் எதற்காவது அழுதால் பக்கத்தில் போய் இருந்து, மூக்கைச் சிந்துங்கோ அம்மா என்பான், பெரிய மனுசன் மாதிரி. மூக்கைச் சிந்தினால் விசில் வராது என்று கண்டுபிடித்தவன் அவன்தான். அவ்வளவு சின்ன விசயம், எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வளர்ந்த பிறகு அவன் வள்ள இஞ்சின்கள் திருத்துகிற வேலை பழகினான். கை எப்போதும் எண்ணெய்க் கறுப்பு. சண்டைக் காலம். ஒருநாள் உப்புவெளியில் யாருடையதோ இஞ்சின் நின்றுவிட்டது என்று மோட்டார் சைக்கிளில் போனான். போகிற வழியில் ஒரு வெள்ளை வான் மறித்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள், சொல்ல வருபவர்கள் இல்லை. மோட்டார் சைக்கிள் வேலியோரம் சாத்திவைத்தபடி இருந்தது, விழக்கூட இல்லை. அன்றைக்குப் போனவன்தான். எங்கே, யார், ஏன் என்று இன்றுவரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த நாள் விடிய அன்ரியோடு இராணுவ முகாமுக்கு நான்தான் போனேன். வாசலில் நின்ற காவல்காரன் இவரைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அடையாளம் கண்டுவிட்டான். ஓடிப்போய் உள்ளே சொன்னான். ஒரு அதிகாரி வந்தார். அம்மா, வாருங்கள், இருங்கள் என்று கதிரை போட்டார். அன்ரி தன் நல்ல சிங்களத்தில், ஒரு சொல் பிசகாமல், மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பாதிவரைக்கும் சரி. அவன் போட்டிருந்த சேட்டின் நிறத்தைச் சொல்லும்போது குரல் கீச்சென்று போனது. மூச்சு அடைத்தது. நான் மனதுக்குள் கும்பிட்டேன், கோணேசா, விக்கல் வரக்கூடாது, விக்கல் வரக்கூடாது. வந்தது.

அவர்கள் கெட்டவர்கள் போல நடந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்படியில்லை. அந்த அதிகாரி சிரித்துவிட்டு, மன்னியுங்கள் அம்மா என்றார், திரும்பவும் சிரித்தார். கதவடியில் பொடியன்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் தன் தாய்க்கு இவரை எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னான். தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது. இவரோடு சேர்ந்து நின்று படம் எடுத்தார்கள். திரும்பும்போது ஒருவன் வாசல் மட்டும் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அங்கே இருந்தவர்கள் ஒருவரும் பேனையைக் கையில் எடுக்கவே இல்லை. வெளியே வந்து வெயிலில் நின்று அன்ரி என்னைப் பார்த்தார். அவருடைய பையை நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்தோம்.

அதற்குப் பிறகு அவர் அழுவதை நிறுத்தினார். நடிக்கவும் போகவில்லை. அலுவலகம் அலுவலகமாகப் போனார். போவதற்கு முதல் நாள் கண்ணாடிக்கு முன் நின்று, அழாமல் சொல்லிப் பழகுவார், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். மகன் பெயர், வயது, வேலை, சேட்டின் நிறம், வானின் நிறம், எல்லாம் கடைக்கணக்குச் சொல்வது மாதிரி. நல்லாய்ப் பழகிவிட்டார்.

சண்டை முடிந்த பிறகு விசாரணை ஆணைக்குழு ஒன்று வந்து, அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருந்தது. மற்றத் தாய்மார் மேசையில் தலையை அடித்து அழுதார்கள், ஒருவர் மயங்கியும் விழுந்தார். அன்ரியின் முறை வந்தது. சொன்னார். ஒரு பிழையில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஐயா ஒருவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். அன்ரிக்கு மொழிபெயர்ப்பு எதற்கு, நேரேயே விளங்கிவிட்டது. மகன் வெளிநாட்டில் இருக்கிறானா, இந்த அம்மாவோடு கதைக்கிறானா என்று கேட்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இப்படி இருப்பாளா என்று சந்தேகமாம்.

அழுதால் சிரிக்கிறார்கள், அழாவிட்டால் நம்புகிறார்களில்லை. நீங்களே சொல்லுங்கள், அந்த மனுசி எந்த முகத்தோடு எங்கே போகும்? தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

என்னால் முடிந்தது கொப்பி அடிப்பது. தம்பியின் படத்தைப் பெரிதாக்கிக் கொப்பி கொப்பியாக அடித்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் கோதுமை மாவில் பசை காய்ச்சி, பஸ் நிலையம் தொடக்கம் கடற்கரை வரைக்கும் மதிலெல்லாம் ஒட்டினோம். விடிய எழும்பிப் பார்த்தால் எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரியும் மான்கள், கோதாரியில் போற மான்கள், பசைக்கு ஆசைப்பட்டு எட்டினமட்டும் படத்தை இழுத்துத் தின்றிருக்கின்றன. தபாற்கந்தோர் மதிலில் ஒரு நெற்றியும் தலைமயிரும் மட்டும் மிச்சமிருந்தது. அதைப் பார்த்து அன்ரிக்குச் சிரிப்பு வந்தது. இனி உயரத்தில ஒட்டுவம் என்றார். ஏணி எடுத்துக்கொண்டு போனோம். உயரத்தில் ஒட்டியவற்றை மழை கொண்டுபோனது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரத்தில் கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கியபோது அன்ரியும் போனார். கிண்ணியாவிலிருந்து, மூதூரிலிருந்து, ஈச்சிலம்பற்றிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். தலைமை தாங்கிய அக்கா நல்ல மனுசி. அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, சங்கடப்பட்டுக்கொண்டு, கமரா வாற நேரம் அன்ரி பின்னுக்கு இருந்தால் நல்லது, சனம் வேற மாதிரி எடுக்கும் என்றார். அதை எப்படி அன்ரியிடம் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு வந்தால், அன்ரி ஏற்கெனவே பின்னால் போய் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார். அதே பெரிய கேத்தில். பத்திரிகைக்காரர் வந்தார்கள், வெளிநாட்டுக்காரர் வந்தார்கள், எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். அந்தக் கொட்டகையில் எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் போயிருக்கின்றன. ஒன்றிலும் தம்பியின் முகம் இல்லை.

ஈச்சிலம்பற்றிலிருந்து வருகிற ஒரு தாய் இருந்தார். வயல் வேலைசெய்து கை காய்த்துப்போன மனுசி, அதிகம் கதைக்கமாட்டார். அடுப்படியில் அன்ரிக்குப் பக்கத்தில் இருந்து கோப்பை கழுவிக் கொடுப்பார். இரண்டு பேரும் மகன்மாரைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததை நான் கேட்கவில்லை. மருமகளைப் பற்றி, மழையைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றித்தான் கதை. போன வருசம் அவர் இறந்துபோனார். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே போனார். கொட்டகையில் மகனின் படத்துக்குப் பக்கத்தில் தாயின் படத்தையும் வைத்து மாலை போட்டார்கள். அன்றைக்குத் தாய்மார் எல்லாரும் பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அன்ரியையும் முன்னுக்கு வரச் சொன்னார்கள், சிநேகிதி அல்லவா. தம்பியின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அந்த மாலையைப் பார்த்தார். அத்தனை வருசமாக அடக்கி வைத்திருந்தது அவ்வளவும் அந்த இடத்தில் வந்தது. கீச்சு, மூச்சு, விக்கல், விசில். நிறுத்த முடியவில்லை. யாரோ ஒருவர் போனில் எடுத்திருக்கிறார்.

அடுத்த நாள் லண்டனில் இருக்கிற மச்சாள் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ போட்டாள். கண்ணால் தண்ணி வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக. எங்கட அன்ரி இன்னும் அப்பிடியே இருக்கிறா என்று எழுதியிருந்தாள். பார்த்தேன். முகம் மட்டும். கழுத்துக்குக் கீழே வெட்டியிருந்தது. தம்பியின் படமும் இல்லை, மாலையும் இல்லை, கொட்டகையும் இல்லை. பின்னால் துள்ளி ஆடுகிற ஒரு பைலா இசை போட்டிருந்தார்கள். நான் மச்சாளைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் பாவம், எனக்குத் தெரியாதே என்று அழுதாள். அவள் அழித்து என்ன, அது அதற்குள் ஊர் ஊராகப் போய்விட்டது. புருசன் சம்பளம் கொண்டுவராததற்கு, விளையாட்டில் தோற்றதற்கு, பெற்றோல் வரிசைக்கு, எல்லாவற்றுக்கும் அந்த அழுகையைப் போட்டார்கள். நீக்கச் சொல்லி முறைப்பாடு செய்தேன். இது விதிகளுக்கு முரணானதல்ல என்று பதில் வந்தது. சிங்களத்திலும் போட்டார்கள். எங்கேயென்று போய் நிறுத்துவது?

அன்ரிக்குத் தெரியக்கூடாது என்று ஒழுங்கையில் எல்லாரிடமும் கெஞ்சினேன். அவரிடம் இருப்பது பொத்தான் போன், அது ஒரு நிம்மதி. ஆனால் மீன் சந்தைக்குப் போனவரிடம் மீன் வெட்டுகிறவன், அன்ரி, திரும்ப நடிக்க வந்திட்டீங்களோ என்று கேட்டிருக்கிறான். பையில் மீனோடு நேரே கடைக்கு வந்தார்.

"அந்த வீடியோவைக் காட்டு, பிள்ளை."

எந்த வீடியோ அன்ரி என்றேன்.

"விசர்க்கதை கதையாத. ஊரெல்லாம் பாத்திட்டுது, நீ பாக்கேல்லையோ?"

காட்டினேன். கதிரையில் இருந்து, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் பார்த்தார். விக்கல் பிந்துது, வயசு போட்டுது என்றார். திரும்பவும் போடச் சொன்னார். போட்டேன்.

"தம்பின்ர படம் எங்க?"

"வெட்டிப்போட்டாங்கள், அன்ரி."

"நான் கையில வச்சிருந்தனான்."

"ஓம். எனக்குத் தெரியும். வெட்டிப்போட்டாங்கள்."

மீன்பையில் இருந்து தண்ணீர் நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு எவ்வளவு பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டார். போனில் இருந்த தொகையைக் காட்டினேன். வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். தான் நடித்த நாடகம், படம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இவ்வளவு சனம் பார்த்திருக்காது என்றார். அதில் ஒரு பெருமையும் இல்லை, கோபமும் இல்லை, ஏதோ கணக்குப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார்.

"தம்பியைத் தேடி நான் போகாத இடமில்லை. ஆனா இவ்வளவு சனத்திட்ட நான் போகேல்லை, பிள்ளை. திரும்ப எடுப்பம். நீ எடு."

என்னால் ஏலாது என்றேன். உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்கள், அன்ரி, காறித் துப்ப வேண்டிய சனம் அது, அதுகளுக்கு முன்னால் போய் நீங்களாக நிற்பதா என்றெல்லாம் கத்தினேன். ரீலோட் போட வந்தவர் பயந்துபோய்த் திரும்பிப் போனார். அன்ரி நான் கத்தி முடியும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் கடைசி மட்டும் பாப்பான். மற்றத் தாய்மார் அழுகிற வீடியோ வந்தா நீயே கையால தள்ளிவிடுறனீ. நான் கண்டனான்."

உண்மைதான். மனம் தாங்காமல்தான் தள்ளிவிடுவேன், ஆனால் தள்ளிவிடுவேன். போனைச் சார்ஜில் போட்டேன்.

வீட்டுக்குப் போய் மீனை வைத்துவிட்டு, முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, தம்பியின் படத்தோடு திரும்பி வந்தார். பாஸ்போர்ட் படம் எடுக்கிற வெள்ளைத் துணிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். யன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துத் திரும்பி இருந்தார். படத்தைத் தன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தார். மகனின் நெற்றியும் தாயின் நெற்றியும் முட்டிக்கொண்டு நின்றன.

"கிட்ட வந்து எடு. ரெண்டு முகமும் சேந்து நிக்கவேணும். ஒண்டை வெட்டினா மற்றதும் போகவேணும்."

கிட்டப் போனேன். தம்பியின் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார், தொழிலைச் சொன்னார், எங்கே வைத்து எந்த நிற வானில் ஏற்றினார்கள் என்று சொன்னார். தமிழில் சொல்லிவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். சிங்களத்தை உடைத்துச் சொன்னார், அந்தச் சிங்களப் படங்களில் சொல்கிற மாதிரி. கண்டவர்கள் சொல்லுங்கள் என்று முடித்துவிட்டு, அழுதார். வரவழைக்கத் தேவையிருக்கவில்லை. விசில் வரும் நேரம் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒருவர் கதவடியில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்ரி அழுகையை நிறுத்தாமல், அப்படியே மெல்லத் திரும்பி, படத்தை அவர் பக்கம் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

போட்டேன். முதலாவதை விட வேகமாகப் போனது. இதற்கும் பைலா போட்டார்கள், இதையும் பெற்றோலுக்கும் விளையாட்டுக்கும் போட்டார்கள். படத்தை மட்டும் ஒருத்தராலும் வெட்ட முடியவில்லை. எங்கே பார்த்தாலும் தாயின் கன்னத்தோடு தம்பி. கீழே எழுதுகிறார்கள், பொடியன் வடிவாயிருக்கிறான், இது எந்த நாடகம், எந்த நாள் போகிறது என்று. இது நாடகமில்லை, உண்மை என்று ஒவ்வொன்றுக்கும் கீழே நான் எழுதுகிறேன். அதற்கும் சிரிக்கிற முகம் போடுகிறார்கள். இரண்டொரு பேர் கண்டோம் என்றும் கூப்பிட்டார்கள். விசாரித்தால் வேறு யாரோ, அல்லது சும்மா பொழுதுபோக்கு.

ஒவ்வொரு நாளும் அன்ரி கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் கடைக்கு ஏறுவார். கதிரையில் இருந்து மூச்சு வாங்குவார். நான் போனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஆரும் கண்டதெண்டு சொன்னவையோ?"

"இல்லை, அன்ரி."

"சிரிச்சிருக்கினமோ?"

"ஓம், அன்ரி."

"அப்ப பாத்திருக்கினம்," என்றுவிட்டு, கதிரையைப் பிடித்து எழும்பி, நாளைக்கு வாறன் என்று சொல்லிக்கொண்டு போவார்.